குப்பர்டினோவின் விதி, சுங்குவார்சத்திரத்தின் கேட்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போகிறவர் கண்ணில் முதலில் படுவது கம்பெனி பஸ்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன் கண்ணாடியில் கம்பெனி பெயரும் ரூட்டும் எழுதி ஒட்டிய காகிதம். உள்ளே கழுத்தில் ஐடி கார்டுடன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை, ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த நினைவிடம், அதற்கப்பால் சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூரிலேயே சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் திரும்பினால் வல்லம் வடகாலும் ஒரகடமும் வரும்: ரெனோ நிஸான் கார், டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு புல்லட், அப்பல்லோ டயர். அரசின் சிப்காட் தொழிற்பேட்டைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு வித்தியாசம் மெல்லத் தெரியவரும். கார், டயர் ஆலைகளின் பஸ்களில் பெரும்பாலும் ஆண்கள். சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் ஆலையின் பஸ்களில் பெரும்பாலும் பெண்கள்; அவர்களிலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களே அதிகம். இது தானாக அமைந்ததில்லை. ஆள் எடுப்பவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு.

அமெரிக்க டெக் கம்பெனிகளைப் பற்றியும் அமெரிக்க அரசியலைப் பற்றியும் நம் ஊரில் கருத்துக்குப் பஞ்சமில்லை. டீக்கடையிலும் கேட்கலாம், டிவி விவாதத்திலும் கேட்கலாம். அமெரிக்கக் கம்பெனி என்றால் எல்லாம் சட்டப்படி நடக்கும், மனிதனுக்கு மரியாதை இருக்கும் என்பது ஒரு கட்சி. லாபத்துக்காக எதையும் செய்வார்கள் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: ஒரு கம்பெனியின் அறம் என்பது அந்தக் கம்பெனியின் குணம், அது பிறந்த ஊரிலிருந்து கூடவே வருவது என்று நம்புகிறார்கள். இந்த நெடுஞ்சாலையில் கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. ஒரு கம்பெனி எந்த மண்ணில் நிற்கிறதோ, அந்த மண்ணின் சட்டமும் அங்கே வேலை செய்பவர்களின் குரலும் எவ்வளவு தூரம் கட்டாயப்படுத்துகின்றனவோ, அவ்வளவுதான் அதன் அறம். அமெரிக்காவிலும் அது அப்படித்தான் உருவானது.

அமெரிக்க அரசியல்வாதிகள் இந்தச் சாலையைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்கள், ஊரின் பெயர் தெரியாமலே. 2011-ல் ஒரு விருந்தில் ஒபாமா, ஐபோனை ஏன் அமெரிக்காவில் செய்ய முடியாது என்று ஸ்டீவ் ஜாப்ஸிடம் கேட்டதும், அந்த வேலைகள் திரும்பி வராது என்று ஜாப்ஸ் சொன்னதும் பின்னர் செய்தியானது. 2025 ஏப்ரலில் வணிக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக், லட்சக்கணக்கானவர்கள் சின்னச் சின்ன திருகாணிகளைத் திருகி ஐபோன் செய்யும் அந்த வேலை அமெரிக்காவுக்கு வரும் என்று டிவியில் சொன்னார். மே 15 அன்று தோஹாவில் டிரம்ப், ஆப்பிள் இந்தியாவில் ஆலை கட்டுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக்கிடம் சொன்னதாக வெளிப்படையாகப் பேசினார். ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரி 50 சதவீதத்துக்குப் போனது. ஸ்மார்ட்போனுக்கு விலக்கு இருந்தது. அதே ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்குப் போன குக், அமெரிக்காவில் மேலும் 10,000 கோடி டாலர் முதலீட்டை அறிவித்து, தங்கப் பீடத்தில் வைத்த கண்ணாடி நினைவுப் பரிசையும் டிரம்பிடம் கொடுத்தார். இத்தனை பேச்சிலும் அந்தத் திருகாணியை இன்று திருகிக்கொண்டிருக்கும் பெண் எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், எதற்காக வேலை மறுக்கப்படுகிறாள் என்ற கேள்வி வரவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை, அவர்கள் தங்கள் வாக்காளருக்குப் பேசுகிறார்கள். நம் சட்டமன்றம் யாருக்காகப் பேசுகிறது என்பதே நாம் கேட்க வேண்டியது.

ஆப்பிள் தன் சப்ளையர்களுக்கான நடத்தை விதியை 2005-லேயே எழுதிவிட்டது. வேலை நேரம், தங்குமிடம், பாதுகாப்பு, பாகுபாடின்மை எல்லாம் அதில் உண்டு. அந்த விதி எழுதிப் பதினாறு ஆண்டுகள் கழிந்த பிறகு, 2021 டிசம்பர் மத்தியில், பூந்தமல்லி அருகே, சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி 250-க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்தவர்கள் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. யாரிடம் கேட்பது என்று தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை படுத்ததும், தண்ணீர் வராத கழிப்பறைகளும் அதற்குப் பிறகே செய்தியில் வந்தன. மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய் என்று அன்றைய செய்திகள் எழுதின. அப்போது இந்தியக் கடைகளில் ஐபோன் 13-ன் விலை 79,900 ரூபாய். சாலை மறியலுக்குப் பிறகு, டிசம்பர் 29 அன்று, விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று சொல்லி ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை 2022 ஜனவரி 12-ல் மீண்டும் திறந்தது.

இதற்கு ஒரு பதில் உண்டு: ஆள் எடுத்தது ஃபாக்ஸ்கான், அது தைவான் கம்பெனி, விடுதியை நடத்தியதும் சமைத்ததும் காண்ட்ராக்டர்கள், இதில் அமெரிக்கக் கம்பெனியை இழுப்பது நியாயமா? காகிதத்தில் இது சரி. ஆனால் அந்த டிசம்பர் மாதமே இதற்கு மறுப்பையும் எழுதிவிட்டது. மறியலோடு நின்ற ஆலையை ஆப்பிள் கண்காணிப்பில் வைத்தது. விடுதிகள் சரிசெய்யப்பட்ட பிறகே அது திறந்தது. ஒரு திருகாணியின் அளவில் மில்லிமீட்டரின் சிறு பின்னம் மாறினாலும் கண்டுபிடிக்கும் கம்பெனி, விரும்பினால் விடுதியின் கழிப்பறையையும் பார்க்க முடியும். அதிகாரம் இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வைத்தது பதினாறு வயதான விதிப்புத்தகம் இல்லை, சாலையில் உட்கார்ந்த பெண்கள்.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு இதைவிட ஆழமான ஒன்றைத் தொட்டது. ஐபோன் பூட்டும் வேலைக்கு, கல்யாணமான பெண்களைச் சுங்குவார்சத்திரம் ஆலை திட்டமிட்டே ஒதுக்கியது என்று அந்தச் செய்தி சொன்னது. ஆள் பிடிக்கும் ஏஜென்ட்களின் விளம்பரங்களில் மணமாகாத பெண்கள் மட்டும் என்று எழுதியிருந்தது. கேட்டில் நிற்கும் காவலாளி கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதாக வந்த பெண்கள் சொன்னார்கள். ஏஜென்ட்கள் காரணமும் சொன்னார்கள்: குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக லீவு. கூடவே மெட்டியும் தாலியும். உலோக நகை உற்பத்தி நடக்கும் இடத்தில் தொந்தரவு என்பது விளக்கம். உலோகத்தை யாராக இருந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று கம்பெனி சொன்னது. அப்படிப் பொது விதி இருந்தால் மெட்டி ஒரு காரணமே ஆகாது, கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. புது மாடல் வெளிவருவதற்கு முன்பு ஆள் பற்றாக்குறை வரும் மாதங்களில் இந்தத் தடை தளர்த்தப்பட்டது. அந்த மாதங்களில் கல்யாணமான பெண்ணின் கையும் திருகாணியைச் சரியாகத்தான் திருகியது. அப்படியானால் தடைக்குக் காரணம் திறமை இல்லை. ஆள் நிறையக் கிடைக்கும்போது கழித்துக்கட்ட வசதியான ஓர் அடையாளமாகத் தாலி பயன்பட்டிருக்கிறது. ஆப்பிள் விதியும் ஃபாக்ஸ்கானின் சொந்த விதியும் திருமண நிலையை வைத்துப் பாகுபாடு கூடாது என்கின்றன. 2022-ல் குறைகள் இருந்தன என்று இரு கம்பெனிகளும் ஒத்துக்கொண்டன, பிறகு சரிசெய்துவிட்டோம் என்றன. ராய்ட்டர்ஸ் பார்த்த விளம்பரங்களோ 2023, 2024-ஐச் சேர்ந்தவை.

கம்பெனி தரப்பின் முக்கியமான வாதம், எங்கள் ஆலையில் எழுபது சதவீதம் பெண்கள், எங்களைப் போய்ப் பெண்களுக்கு எதிரானவர்கள் என்பதா என்பது. கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். இதே வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-ல் கேட்டிருக்கிறது. ஃபுளோரிடா மாநிலத்தில் மார்ட்டின் மரியெட்டா என்ற கம்பெனி, அசெம்ப்ளி பயிற்சியாளர் வேலைக்கு ஐடா பிலிப்ஸ் என்ற பெண்ணின் விண்ணப்பத்தை வாங்க மறுத்தது. அவருக்குப் பள்ளிக்குப் போகும் வயதாகாத குழந்தை இருந்தது என்பது காரணம். அதே வயதில் குழந்தை இருந்த ஆண்களை அதே வேலைக்கு எடுத்தது. அந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் 75 முதல் 80 சதவீதம் பேர் பெண்கள், ஆகவே பாகுபாடு இல்லை என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பெண்களுக்கு ஒரு விதி, ஆண்களுக்கு ஒரு விதி என்று வைக்க 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் அனுமதிக்கவில்லை என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. வேலையும் ஒன்று, வாதமும் ஒன்று, சதவீதம்கூட ஏறக்குறைய ஒன்று. ஆப்பிளின் தலைமையகமான குப்பர்டினோ இருக்கும் கலிபோர்னியா மாநிலத்தின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வேலையில் திருமண நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆகவே தன் தலைமையகத்தின் வாசலில் அமெரிக்கக் கம்பெனி இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது நல்ல மனத்தால் மட்டும் வந்ததில்லை. அங்கே கேட்டால் வழக்கு வரும். அந்தச் சட்டத்தின் எல்லை அமெரிக்காவோடு முடிகிறது, விதிப்புத்தகம் மட்டும் கடல் தாண்டி வருகிறது.

நம் நீதிமன்றங்கள் இந்தக் கேள்விக்குப் புதியவை அல்ல. கல்யாணம் ஆனதும் பெண் ஊழியர் வேலையை விட வேண்டும் என்று ஒரு மருந்துக் கம்பெனி வைத்திருந்த விதியை 1965-லேயே, அமெரிக்கத் தீர்ப்புக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, நம் உச்ச நீதிமன்றம் நீக்கியது. கல்யாணமான பெண்களுக்கு லீவு அதிகம் வேண்டும் என்று அன்றும் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1981-ல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதி விழுந்தது; வேலையில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பு விட்டுவைத்தது. 2024 பிப்ரவரியில், கல்யாணம் செய்ததற்காக ராணுவச் செவிலியர் பணியிலிருந்து நீக்கப்பட்ட பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது. ஆனால் இவை வேலையில் இருந்தவர்களின் வழக்குகள். கேட்டிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள் எந்த ரசீதைக் காட்டி வழக்குப் போடுவாள்? 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆள் எடுப்பில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது. திருமண நிலை என்ற சொல்லை இரண்டுமே சொல்லவில்லை. இந்த ஓட்டையின் விளைவு, ராய்ட்டர்ஸ் செய்திக்குப் பிறகு 2024 ஜூலையில் அரசின் தொழிலாளர் துறை அதிகாரிகள் நடத்திய விசாரணையில் தெரிந்தது. ஆலையில் 41,281 பேர், அவர்களில் பெண்கள் 33,360, கல்யாணமான பெண்கள் 2,750 என்று கம்பெனி கொடுத்த கணக்கு அரசு அறிக்கையில் ஏறியது. அதாவது பெண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். புதிதாக எடுத்தவர்களில் கால்வாசிப் பேர் கல்யாணமானவர்கள் என்று கம்பெனி முன்பு அரசிடம் சொன்னதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகாரிகள் உள்ளே இருந்தவர்களிடம் பேசினார்கள், ஆள் எடுப்பு ஆவணங்களைத் தோண்டவில்லை. தேசிய மனித உரிமை ஆணையமே அதைக் குறை சொல்லி மறுபடி விசாரிக்கச் சொல்லும்படி ஆனது.

கெடுபிடி செய்தால் கம்பெனி ஓடிவிடும், நோக்கியா ஓடியதைப் பார்க்கவில்லையா என்ற எதிர்ப்பு இந்தப் பகுதியில் வலுவானது. வலியிலிருந்து வரும் பேச்சு அது, தள்ளிவிட முடியாது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, ஒரு தலைமுறைக்கு முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்தது. 2014 நவம்பர் 1-ல் மூடியபோது அந்த வீடுகளில் விழுந்த அடி சாதாரணமானதல்ல. ஆனால் அது ஏன் மூடியது? ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா தோற்றது. 2013-ல் தொடங்கிய வரி வழக்கில் சொத்து முடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது, அந்த வழக்கினால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. தொழிலாளர் சட்டம் இந்தக் கதையில் எங்கும் இல்லை. எதிர்த்திசையில் பாருங்கள்: 2021 மறியலுக்குப் பிறகு ஃபாக்ஸ்கான் ஓடவில்லை, அன்று சுமார் 17,000 பேர் இருந்த ஆலையில் 2024-ல் 41,000 பேர். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024–25-ல் 1,465 கோடி டாலரைத் தொட்டது. கம்பெனிகள் வருவது துறைமுகம், சாலை, கரண்ட், படித்த பெண்கள் ஆகியவற்றுக்காக. இந்தியாவில் ஆலை வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்தப் பலம் நம் கையில் இருக்கும்போது, பேரம் பேசப் பயப்படுவது தேவையற்றது.

உள்ளூர் முதலாளிகள் இதைவிட மோசம், இந்த வேலை இல்லாவிட்டால் இந்தப் பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. உண்மை. பஞ்சாலைகளில் கல்யாணத்துக்குப் பணம் என்று ஆசை காட்டிச் சிறுமிகளை அடைத்து வைத்த கதை தமிழ்நாட்டில்தான் நடந்தது. ஐபோன் ஆலையின் சம்பளம் பல வீடுகளில் தம்பியின் படிப்பையும் அப்பாவின் கடனையும் தாங்குகிறது. பெண் தன் பெயரில் ஏடிஎம் கார்டு வைத்திருக்கிறாள். இது பெரிய மாற்றம், அதனால்தான் கல்யாணத்தோடு அதைப் பறிப்பது கொடுமை. வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்ட் 17-ல் முதல்வர் திறந்துவைத்த விடுதியைப் பாருங்கள். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறை, அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 பெண்கள். 2021-ன் அவலத்துக்கு அரசு சொன்ன நேர்மையான பதில் இது, பாராட்ட வேண்டும். ஆனாலும் ஆறு கட்டில் போட்ட அறையில் ஒரு தாயும் குழந்தையும் தங்க முடியாது. தொழிலாளி என்றால் மணமாகாத பெண் என்ற எண்ணம் கம்பெனியின் மனத்தில் மட்டும் இல்லை, நம் அரசின் கட்டட வரைபடத்திலும் இருக்கிறது.

வெளிநாட்டுக் கம்பெனியை உள்ளூர்ச் சட்டத்துக்குப் பணிய வைக்க முடியாது என்று சொல்பவர்கள் சென்னையின் வரலாற்றை மறக்கிறார்கள். 1918 ஏப்ரல் 27-ல் வாடியாவும் திரு.வி.க.வும் பிரிட்டிஷ் கம்பெனியான பின்னியின் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னி கம்பெனி வாடியா மீது வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்தினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமா என்று அந்த வழக்கு எழுப்பிய கேள்வியே 1926-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. அதே சட்டத்தின் கீழ்தான், 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்த சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்களின் சங்கம் 2025 ஜனவரி 27-ல் பதிவானது. பெயரில் சாம்சங் என்ற சொல் வரக்கூடாது என்று கம்பெனி வாதாடியும் பதிவானது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்ட திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதும் இதே தமிழ்நாட்டில்தான். குரல் எழுந்த இடத்தில் அரசும் கம்பெனியும் நகர்ந்திருக்கின்றன.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலம் சட்டம் இயற்றலாம், மத்தியச் சட்டத்தோடு உரசினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைக் கேட்கலாம். ஆள் எடுப்பில் திருமண நிலையையும் கர்ப்பத்தையும் கேட்பதும், அவற்றை வைத்து மறுப்பதும் குற்றம் என்று பெயர் சொல்லி எழுதிய ஒரு பிரிவு வேண்டும். ஏஜென்ட் செய்தாலும் கம்பெனியே பொறுப்பு என்று அதில் இருக்க வேண்டும். மறுக்கப்பட்டவளுக்கு மறுப்பு எழுத்தில் கிடைக்க வேண்டும், ஆள் எடுப்பு ஆவணங்களை ஆய்வாளர் பார்க்கும் அதிகாரம் வேண்டும். சிப்காட் அடுத்துக் கட்டும் விடுதியில் குடும்ப அறைகளும் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். நிலமும் சலுகையும் கொடுத்துப் போடும் ஒப்பந்தங்களில் இந்த நிபந்தனைகளைச் சேர்க்க இன்றே முடியும், அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்திலும், இந்த ஆலைகளுக்குப் பெண்களை அனுப்பும் எல்லா மாவட்டங்களிலும் இருக்கும் வாசகர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இந்த ஒரு பிரிவைக் கேளுங்கள். அடுத்த ஐபோன் மாடல் வருவதற்கு முன்பு கேளுங்கள்.